வாக்களிப்பு நிலைய வரிசைக்குக் கணினி உதவுமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நாளன்று ஒருவர் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க நேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, மேசைகளையும் அலுவலர்களையும் வாக்குச்சீட்டில் அடையாளமிடும் மறைப்புகளையும் அதற்கேற்ப ஒழுங்குசெய்ய மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை நம் தோட்டப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் நடக்கும் வாக்களிப்புக்குப் பயன்படுத்த முடியுமா என்று தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியர்களும், கட்சி முகவர்களும், கண்காணிப்புக்குப் போகும் இளைஞர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது?

மூன்று எண்களை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், ஒருவருக்கு ஒவ்வொரு மேசையிலும் எத்தனை வினாடி ஆகும், அந்த வேலைக்கு எத்தனை மேசைகள் இருக்கின்றன என்பவை நாம் கொடுக்கவேண்டியவை. எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பது அது சொல்வது. சில மென்பொருள்கள் இதைத் திருப்பியும் செய்யும். ‘யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது’ என்று சொன்னால், அதற்கு எத்தனை மேசைகள் வேண்டும் என்று காட்டும்.

வாக்கை எண்ணுவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மின்னணு வாக்களிப்பு இயந்திரத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

கணக்கு மிகப் பழையது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த அக்னர் எர்லாங் என்ற கணிதவியலாளர், ஒரே நேரத்தில் பலர் அழைத்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதைக் கண்டறிய 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கணக்கியல் தொடங்குகிறது. பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஜோன் லிட்டில், வரிசை பற்றிய மிக எளிய விதியை 1961இல் நிறுவினார். அதைக் கீழே பார்க்கலாம்.

தேர்தலுக்கு இது வந்தது அமெரிக்காவின் 2012 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு. சில மாநிலங்களில் மக்கள் பல மணி நேரம் நின்றதைப் பார்த்து, வெற்றி உரையிலேயே ஒபாமா இதைச் சரிசெய்யவேண்டும் என்றார். அவர் அமைத்த ஆணைக்குழு 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. எந்த வாக்காளரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கல்டெக், எம்.ஐ.டி. ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் வாக்களிப்புத் தொழில்நுட்பத் திட்டம், அதையொட்டி வரிசைக் கணிப்பான்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்த இணையத்தில் வைத்தது.

நம் ஊர் நிலையத்துக்குக் கணக்கிட்டுக் காட்ட முடியுமா?

முடியும். எண்களை நானே எளிமையாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நிலையத்தின் எண்களை இதன் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

வாக்காளர் இடாப்பில் 1,000 பேர் உள்ள ஒரு நிலையம். காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை வாக்களிப்பு, அதாவது 540 நிமிடங்கள். 80 வீதம் பேர் வந்தால் 800 பேர். (2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 79 வீதம் என்பதால் இது மிகையான எண் அல்ல.) இடாப்பில் பெயரைத் தேடிச் சரிபார்க்கும் மேசையில் ஒருவருக்கு 30 வினாடி. அப்படியானால் அந்த மேசை நிமிடத்துக்கு இரண்டு பேரை அனுப்பும்; ஒன்பது மணி நேரத்தில் 1,080 பேரை அனுப்பிவிடும். வரப்போவது 800 பேர்தான். பிரச்சினையே இல்லை என்று தோன்றுகிறது அல்லவா? எர்லாங் வழிவந்த சூத்திரத்தில் நாள் முழுவதற்குமான சராசரியைப் போட்டால், வரிசைக்கு வந்து அந்த மேசையைத் தாண்டும்வரை இரண்டு நிமிடத்துக்கும் குறைவு என்றுதான் கணினியும் சொல்லும்.

இப்போது காலையை மட்டும் பாருங்கள். வரப்போகிற 800 பேரில் நாற்பது வீதம், அதாவது 320 பேர், முதல் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மேசையால் அனுப்பக்கூடியவர்கள் 240 பேர்தான். காலை 9 மணிக்கு வாசலில் 80 பேர் மிச்சம். அந்த வரிசையின் கடைசியில் வந்து சேருபவர் 40 நிமிடம் நிற்பார். அதன் பிறகு கூட்டம் குறைந்தாலும், சேர்ந்துவிட்ட வரிசை கரைய ஏறத்தாழ பத்தரை மணியாகிவிடும். பிற்பகலில் அதே மேசை ஏறத்தாழ பாதி நேரம் சும்மா இருக்கும்.

மாவட்டச் செயலகத்தில் ‘அந்த நிலையத்தில் நெரிசலே இல்லை’ என்று சொல்பவரும், ‘முக்கால் மணி நேரம் நின்றேன்’ என்று சொல்லும் கொழுந்து பறிக்கும் அக்காவும் ஒரே நிலையத்தைப் பற்றி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சராசரியைச் சொல்கிறார். மற்றவர் காலை 9 மணியைச் சொல்கிறார்.

அந்த மேசையில் சில வினாடிகளைக் குறைத்தால் என்ன பெரிதாக மாறிவிடும்?

இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 30 வினாடியை 24 ஆக்குங்கள். மேசை இப்போது நிமிடத்துக்கு இரண்டரைப் பேரை அனுப்பும். இரண்டு மணி நேரத்தில் 300 பேர். காலை 9 மணிக்கு மிச்சம் 20 பேர்தான். கடைசியில் நிற்பவருக்கு 8 நிமிடம். ஆளுக்கு ஆறே ஆறு வினாடி குறைந்ததும் 40 நிமிடம் 8 நிமிடமாகிறது. நெரிசல் நேரத்தில் வினாடிகள் ஒவ்வொருவர் தலையிலும் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் காரணம்.

அந்த ஆறு வினாடி எங்கே கிடைக்கும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். அலுவலர் இடாப்பில் அவரைத் தேடி, தொடர் இலக்கத்தையும் பெயரையும் உரக்கச் சொல்கிறார். கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் இடது கை விரலில் மை பூசுகிறார். அதற்கடுத்தவர் வாக்குச்சீட்டைக் கொடுக்கிறார். மறைப்புக்குள் போய் அடையாளமிட்டு, மடித்துப் பெட்டியில் போடவேண்டும். மை பூசுவதும் சீட்டுக் கொடுப்பதும் தாளத்தில் போகிற வேலைகள். தேடுவது அப்படியல்ல.

வாக்காளர் அறிவித்தல் அட்டையைக் கையில் வைத்திருப்பவர் தொடர் இலக்கத்தோடு வருகிறார். அலுவலர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம். அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம், அது உரிமை. ஆனால் அட்டை இல்லாதவரைப் பெயரால் தேடவேண்டும். ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமி, நான்கு மாரியாயி, அவர்களில் இருவருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. அடையாள அட்டையில் ‘லட்சுமி’, இடாப்பில் ‘லெட்சுமி’ என்றால் அலுவலர் ஒரு கணம் தயங்குவார். முகவர் ஒருவர் ‘சரிதானா?’ என்பார். அங்கே ஆறு அல்ல, அறுபது வினாடி போய்விடும்.

தோட்டங்களில் இந்த அட்டை எல்லோருக்கும் வீடு தேடி வருவதில்லை. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்தில் கட்டாகக் கிடக்கும். எனவே, வரிசையைக் குறைக்க எந்த மென்பொருளில் முதலீடு செய்யலாம் என்று யாராவது கேட்டால், முதலில் அந்தக் கட்டைப் பிரித்து லயம் லயமாகக் கொடுக்க ஒருவரை அனுப்புங்கள் என்பதே என் பதில். கணினி செய்யக்கூடியது, அந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நிமிடக் கணக்கில் காட்டுவதுதான். அது சிறிய உதவி அல்ல. ‘அட்டை கிடைக்கவில்லை’ என்பது ஒரு முறைப்பாடு. ‘அட்டை கிடைக்காததால் இந்த நிலையத்தில் 9 மணிக்கு வருபவர் 32 நிமிடம் கூடுதலாக நிற்கிறார்’ என்பதை அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அடையாளமிடும் மறைப்புகளைக் கூட்டினால் போதாதா?

மேசைதான் இறுக்கமான இடம் என்றால், மறைப்பைக் கூட்டுவது வீண். உள்ளே காலி மறைப்புகள் நிற்கும். வெளியே மக்கள் நிற்பார்கள்.

ஆனால் எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்து இறுக்கமான இடம் மாறும். மேசை நிமிடத்துக்கு இரண்டு பேரை அனுப்புகிறது. ஒருவர் அடையாளமிட ஒரு நிமிடம் எடுக்கிறார் என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக இருவர் மறைப்பில் இருப்பார்கள். மூன்று மறைப்பு போதும். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஓர் அடையாளம், பிறகு விருப்பு வாக்குக்கு மூன்று இலக்கங்கள் வரை. இதற்கு ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்தால், அதே மூன்று மறைப்பு நிமிடத்துக்கு ஒன்றரைப் பேரைத்தான் அனுப்பும். இப்போது இறுக்கம் உள்ளே வந்துவிட்டது. ஐந்து மறைப்பாவது வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு வேறு சிக்கல். 2019இல் 35 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டு 26 அங்குலம் நீண்டது. அதை விரித்து, சின்னத்தைத் தேடி, மறுபடி மடித்துப் பெட்டிக்குள் நுழைப்பது வயதான ஒருவருக்குச் சிறிய வேலை அல்ல. 2024இல் முதன்முறையாக இரண்டாவது விருப்பு எண்ணப்பட்டது. அதனால் இனி 1 மட்டும் இடாமல் 2, 3 இடுபவர்கள் கூடலாம். அப்படிக் கூடினால் மறைப்புக்குள் நேரமும் கூடும். பழைய தேர்தலில் அளந்த வினாடியை அப்படியே அடுத்ததற்குப் போடக்கூடாது.

மலையகத்தில் மக்கள் வரும் நேரம் மற்ற இடங்களைவிட வேறுபடுமா?

வெகுவாக. நகரத்தில் ஒருவர் தன் வசதிக்கு வருகிறார். தோட்டத்தில் எல்லோருடைய வசதியும் ஒன்றாக இருக்கும். கொழுந்து மடுவத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: காலை முழுவதும் தராசு சும்மா தொங்கும், நிறுவை நேரம் வந்ததும் மலையிலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

தேர்தல் வார நாளில் வந்தால், தோட்டம் எப்போது வேலையை விடுகிறது என்பதே வரிசையைத் தீர்மானிக்கும். 2024 பாராளுமன்றத் தேர்தல் வியாழக்கிழமை, 2025 உள்ளூராட்சித் தேர்தல் செவ்வாய்க்கிழமை. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, முன் வாக்களித்துவிட்டுப் போகலாம் என்றால் 7 மணிக்கே கூட்டம். அரை நாள் வேலை என்றால் கூட்டம் நண்பகலில். 2024 ஜனாதிபதித் தேர்தல் போலச் சனிக்கிழமை என்றால் கூட்டம் வேறு மாதிரி பிரியும்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இன்னோர் அலை. தூரத்துக்கேற்ப விடுமுறை கொடுக்கவேண்டும் என்று தேர்தல் காலங்களில் அறிவிக்கப்படுகிறது: 40 கிலோமீற்றருக்கு உட்பட்டால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். ஹட்டன் பக்கம் வருபவர்களுக்கு ஒன்றரை நாள் கிடைக்கலாம். இரவு பஸ்ஸில் வந்திறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராக வரிசைக்கு வருவார்கள். மறுபடி பஸ் பிடிக்கவேண்டும்.

பிறகு மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்திய மலைநாட்டில் பிற்பகல் இடிமழை சாதாரணம். ஏப்ரல், மே மாதங்களிலும் அப்படியே. பிற்பகலை நம்பி இருக்கமுடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் காலையே நிரம்புகிறது. மென்பொருளின் ஆயத்த அமைப்பில் இருக்கும் வருகை வடிவம் வேறொரு நாட்டின் நகரத்துக்கு உரியதாக இருக்கலாம். அதை மாற்றாமல் நம் நிலையத்துக்குப் போட்டால் விடை அழகாக இருக்கும், பயன் இராது.

அப்படியானால் மேற்பிரிவுக்கு 7 மணி, கீழ்ப்பிரிவுக்கு 10 மணி என்று தோட்ட நிர்வாகம் பிரித்துவிட்டால் என்ன?

கணக்குப்படி சரியான தீர்வு. ஆனால் நான் அதற்கு உடன்படமாட்டேன். எப்போது போய் வாக்களிப்பது என்பதைத் துரையோ, தலைவரோ, தொழிற்சங்கமோ சொல்லும் நிலைக்கு மக்களை மறுபடி கொண்டுபோவது ஆபத்து. யார் போனார்கள், யார் போகவில்லை என்று கணக்கெடுக்க அது வழிவிடும். வேட்பாளர் தரப்பு வாகனம் வைத்து வாக்காளரை ஏற்றிச்செல்வது குற்றம் என்று சட்டம் சொல்வதன் பின்னாலும் இதே அச்சம்தான் இருக்கிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்பதை முன்பே எழுதி, லயங்களிலும் கோயிலிலும் ஒட்டிவிடலாம். தகவலைக் கொடுத்துவிட்டு முடிவை வாக்காளரிடம் விட்டுவிடவேண்டும். நிர்வாகம் அன்றைக்கு முழு நாள் விடுமுறை கொடுத்தால் கூட்டம் தானாகவே பிரியும்.

விலையுயர்ந்த மென்பொருள் வாங்கவேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன கணக்கை எக்செல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலோ, பாடசாலைக் கணினியில் செய்யலாம். ஐந்து நிரல்கள் போதும்: நேரம், முன்பிருந்த வரிசை, அந்த அரை மணியில் வருபவர்கள், அந்த அரை மணியில் மேசை அனுப்பக்கூடியவர்கள், மிச்ச வரிசை. முன்பிருந்ததோடு வந்தவர்களைக் கூட்டி, அனுப்பியவர்களைக் கழித்தால் மிச்சம். கழித்தது பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்று போடவேண்டும். அந்த மிச்சமே அடுத்த அரை மணியின் ‘முன்பிருந்த வரிசை’.

நம் உதாரணத்தில், 7 மணி முதல் ஒவ்வொரு அரை மணியும் 80 பேர் வருகிறார்கள், 60 பேர் உள்ளே போகிறார்கள். மிச்சம் 20, 40, 60, 80 என்று ஏறும். 9 மணிக்குப் பின் அரை மணிக்கு 34 பேர்தான் வருகிறார்கள் என்பதால் 54, 28, 2 என்று இறங்கும். ஒரு சாதாரணதர மாணவிக்கு இதைப் போட அரை மணி நேரம் போதும். பிறகு ஒரே ஒரு கட்டத்தில் 60 என்பதை 75 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் அந்தப் பெரிய மென்பொருள்கள் எதற்கு?

தற்செயலைக் கணக்கில் எடுக்க. மக்கள் அளந்தெடுத்தாற்போல் வருவதில்லை. ஒரு பஸ் நின்றதும் இருபது பேர் வருவார்கள், பிறகு ஐந்து நிமிடம் யாரும் இல்லை. ஒருவருக்கு 15 வினாடி, அடுத்தவருக்கு ஒரு நிமிடம். உருவகப்படுத்தும் மென்பொருள் இந்த ஏற்ற இறக்கங்களோடு அதே நாளை ஆயிரம் முறை நடத்திப் பார்த்து, நூற்றில் எத்தனை நாள்களில் வரிசை அரை மணியைத் தாண்டும் என்று சொல்லும். ஒரு மாவட்டத்தில் எந்த நிலையங்களுக்கு மேலதிக ஆள் அனுப்புவது என்று தீர்மானிப்பவருக்கு அது பயன்படும். ஒரே நிலையத்தைப் பற்றி யோசிப்பவருக்கு எக்செல் தாள் போதும்.

மாவட்ட மட்டத்தில் இது எவ்வளவு பெரிய வேலை?

2024இல் நாடு முழுவதும் பதிவாகியிருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 1 கோடி 71 இலட்சம். வாக்களிப்பு நிலையங்கள் 13,000க்கு மேல். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு நிலையத்தின் இடாப்பில் ஏறத்தாழ 1,300 பேர், அதாவது நம் உதாரணத்தைவிடப் பெரிய நிலையம். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரான்கெத்த, வலப்பனை என நான்கு தேர்தல் தொகுதிகள் இருந்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் தொகுதியிலேயே இருக்கிறார்கள். 1977இல் அந்தத் தொகுதி மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் அங்கிருந்துதான் மூன்றாவது உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார்.

நிலையத்துக்குள் கைபேசியே கொண்டுபோக முடியாதே, இதை எப்படிப் பயன்படுத்துவது?

முன்பே. தேர்தல் நாளில் கணினிக்கு வேலை இல்லை. எத்தனை மறைப்பு, எத்தனை அலுவலர், எந்தப் பக்கம் நுழைவாயில் என்பவற்றைச் சில வாரங்களுக்கு முன் முடிவுசெய்யத்தான் அது.

அன்றைக்குத் தேவை ஒரு கைக்கடிகாரமும் பென்சிலும். இங்கேதான் லிட்டிலின் விதி உதவுகிறது. வரிசையில் நிற்பவர்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், கடைசியில் நிற்பவரின் காத்திருப்பு கிடைக்கும். 30 பேர் நின்று, நிமிடத்துக்கு இருவர் போனால் 15 நிமிடம். வாசலில் நிற்கும் பொலிஸ்காரர்கூட இதைச் செய்யலாம். ‘இன்னும் கால் மணி நேரம்தான் அம்மா’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் நிற்பவர்களின் எரிச்சல் பாதியாகக் குறையும்.

ஒரே பாடசாலையில் இரண்டு நிலையங்கள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிழையான வரிசையில் இருபது நிமிடம் நின்று, மேசைக்கு வந்தபின் ‘உங்கள் பெயர் அடுத்த கட்டடத்தில்’ என்று திருப்பி அனுப்பப்படுபவரின் நேரம் எந்தக் கணக்கிலும் வராது. படலையிலேயே தோட்டப் பெயரையும் பிரிவையும் மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது போதும்.

கூட்டம் எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்க்கும் செயலி இந்தியாவில் இருக்கிறதாமே?

ஆம். 2025 பெப்ரவரியில் நடந்த டெல்லி சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிகளின் கூட்ட நிலவரத்தைக் காட்டும் செயலி வெளியிடப்பட்டது. தெருக்கோடியில் வாக்குச்சாவடி இருக்கும் நகரத்துக்கு அது பொருந்தும். சமிக்ஞை கிடைக்க மேட்டுக்கு ஏறவேண்டிய லயத்துக்கும், நிலையத்துக்கு வர முக்கால் மணி நேரம் நடக்கவேண்டிய பாட்டிக்கும் அதனால் என்ன பயன்? அவர் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்குள் வரிசை மாறியிருக்கும். முன்பே ஒட்டிய ஒரு தாளே நமக்கு மேல்.

வாக்காளரின் தகவல் கசிந்துவிடாதா?

இந்தக் கணக்குக்கு எவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தேவையில்லை. எண்ணிக்கைகளும் வினாடிகளும் மட்டுமே. பெயர் கேட்கும் மென்பொருள் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், அது வேறு வேலைக்கு வந்தது என்று புரிந்துகொண்டு மூடிவிடுங்கள்.

வாக்குரிமைக்காகவே எத்தனையோ ஆண்டு காத்திருந்த சமூகம் நாங்கள். அரை மணி நேரம் பெரிதா?

வயதானவர்கள் சிலர் பெருமையோடு கேட்பது இது. 1948 குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த சட்டங்களும் நம் பாட்டன் பாட்டிமாரின் வாக்கைப் பறித்தன. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த மனிதர்கள் மழையிலும் நின்று வாக்களிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுடைய பொறுமையை நம்பித் திட்டமிடுவது நியாயமில்லை. மேலும், நாட்கூலிக்காரருக்கு அரை மணி நேரம் என்பது அரை மணி நேரம் மட்டுமல்ல. கைக்குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டு வந்தவரும், அரைநாள் பெயருக்காக (கூலிக்காக) மலைக்குத் திரும்பவேண்டியவரும் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, ‘பிறகு வருவோம்’ என்று திரும்புவார்கள். பிறகு மழை வரும்.

அரை மணி என்ற அளவுகோல் வேறொரு நாட்டின் ஆணைக்குழு சொன்னது. நம் சட்டத்தில் அது இல்லை. இருந்தும், ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால்தான் எந்த நிலையம் தவறுகிறது என்று சொல்லமுடியும் என்பதால் அதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மென்பொருளால் தீர்க்க முடியாதவை எவை?

லயத்திலிருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரம் வரிசைக் கணக்கில் வராது. நிலையத்தை எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி. அதற்கு வரைபடம் வேண்டும், ஏற்ற இறக்கம் தெரிந்த மனிதரும் வேண்டும். வரைபடத்தில் ஒரு கிலோமீற்றர் என்று தெரிவது, நடந்தால் ஓர் ஓடையையும் நூற்றுக்கணக்கான படிகளையும் தாண்டுவதாக இருக்கும்.

அடையாள அட்டை இல்லாதவர் வரிசையின் முன்னே வந்தாலும் பயனில்லை. தேர்தலுக்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லித் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் துணைக்கு ஒருவரை அழைத்துச்செல்ல 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. இதற்கும் முன்கூட்டியே ஆவணம் தேவை. துணையோடு வாக்களிப்பவருக்கு உள்ளே கூடுதல் நேரமாகும். அதைத் தாமதம் என்று பெயரிட்டுக் குறைக்கப் பார்க்கக்கூடாது. கணக்கில் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும்.

வருகைக் கணக்கு எங்கே கிடைக்கும்? செய்த கணக்கை யாரிடம் கொடுப்பது?

தேர்தல் நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்டவாரியாக எத்தனை வீதம் வாக்களித்தார்கள் என்று வானொலியில் சொல்வார்களே, அது அடிப்படையில் வருகைக் கணக்குத்தான். ஆனால் மாவட்டம் முழுவதுக்குமான எண் அது. உங்கள் நிலையத்தின் 9 மணி அதில் தெரியாது. நிலைய அளவில் மிக நம்பகமான பதிவு கட்சி முகவர்களின் பிரதிதான். ஒவ்வொரு பெயரையும் அவர்கள் குறிக்கிறார்கள். மணிக்கு மணி ஒரு கோடு கிழித்து நேரத்தை எழுதிவைத்தால், அன்று மாலை பெயர்களை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கட்சி முகவர்களும் செய்யக்கூடியது, எந்தக் கட்சிக்கும் சாதகமில்லாதது.

இடாப்பைப் பிரித்து ஒரு நிலையத்தை இரண்டாக்குவது சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரின் கையில் இல்லை. அதனால் அன்று காலை அவரோடு வாதிட்டுப் பயனில்லை. மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும், அதுவும் அடுத்த தேர்தலுக்கான நிலையங்கள் தீர்மானிக்கப்படுவதற்கு முன். பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும்: நிலையத்தின் பெயரும் இலக்கமும், இடாப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு மணிக்கும் வரிசையில் நின்றவர்கள், ஐந்து நிமிடத்தில் உள்ளே போனவர்கள், எத்தனை மறைப்பு இருந்தது, எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, அறிவித்தல் அட்டை இல்லாமல் வந்தவர்கள் பத்தில் எத்தனை பேர்.